1930களின் கிப்சன் பாஞ்சோ பத்து நிமிடம் கையில் கிடைத்தால் எதை வாசித்துப் பார்ப்பது?

ஐந்தாம்_தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலி நகருக்கு அருகில் வசிக்கிறேன். மூன்றரை ஆண்டுகளாக ஐந்து தந்தி பாஞ்சோவில் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையைப் பழகி வருகிறேன். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாஞ்சோ என்ற பெயரில் வழங்கும், பொத்தான்களை அழுத்தி வாசிக்கிற புல்புல்தாராவை இங்கே யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வட்டமான குடத்தின்மேல் தோல் இழுத்துக் கட்டி, நீண்ட தண்டியும் மெட்டுகளும் வைத்து, வலக்கையின் மூன்று விரல்களில் பிக் என்ற மீட்டு நகம் மாட்டிக்கொண்டு வாசிக்கும் அமெரிக்க வாத்தியத்தைப் பற்றியே கேட்கிறேன்.

எங்கள் பகுதியில் வியாழக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி வாசிப்பது வழக்கம். சென்ற வாரம் ஒரு பெரியவர் கிப்சன் நிறுவனத்தின் மாஸ்டர்டோன் வரிசையைச் சேர்ந்த தம்முடைய பழைய பாஞ்சோவைக் கொண்டுவந்தார். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ தொழிற்சாலையில் 1930களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட டி.பி.-3 என்ற மாதிரி அது என்றும், நான்கு தந்தி டெனர் பாஞ்சோவாகப் பிறந்த அதற்குப் பிற்காலத்தில் ஐந்து தந்தித் தண்டி பொருத்தப்பட்டது என்றும், உள்ளே தோலுக்கு அடியில் இருக்கும் தட்டை வகை உலோக வளையம் (டோன் ரிங்) தொழிற்சாலையில் போட்டதே என்றும் அவர் சொன்னார். பெட்டியைத் திறந்தவுடன் அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான்கு பேர் அதை மாற்றி மாற்றி வாசித்தார்கள். எனக்கு விளங்காதது இதுதான்: ஒவ்வொருவர் மடியிலும் அது அவரவருடைய சொந்த பாஞ்சோவைப் போலவே கேட்டது. அவசரமாக வாசிப்பவர் வாசித்தபோது அவசரமாகவும், அழுத்தி வாசிப்பவர் வாசித்தபோது முரட்டுத்தனமாகவும் இருந்தது. ஆனால் வாசித்த நால்வருமே தலையை ஆட்டி, இதுவல்லவா நாதம் என்று வியந்தார்கள். கடைசியில் பெரியவரே எடுத்து வாசித்தார். அப்போது நான் தண்ணீர் குடிப்பதற்காக அறையின் மறுகோடிக்கு, கதவருகே போயிருந்தேன். அங்கே நின்று கேட்டபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்த வியாழன் எனக்கும் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு விற்கும் எண்ணமில்லை, எனக்கு வாங்கும் வசதியுமில்லை. எனினும் இத்தகைய வாத்தியத்தை இன்னொரு முறை தொடுவேனா என்று தெரியாததால், அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்க விரும்புகிறேன். எதை வாசிக்க வேண்டும், எதைக் கவனித்துக் கேட்க வேண்டும், பிறர் பொருளைக் கையாளும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் யாவை? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பழைய பாஞ்சோக்களில் உண்மையாகவே தனியான ஒன்று இருக்கிறதா, அல்லது பெயரைக் கேட்டு நாம்தான் மயங்குகிறோமா?

---

மலையடிவாரம் எழுதியது:

தம்பி, கேள்வியை எழுதும்போதே பாதிப் பதிலையும் நீங்கள் எழுதிவிட்டீர்கள். கதவருகே நின்றபோது கேட்டதாகச் சொல்லும் இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் கிழக்கு டென்னசியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். இங்கே நாக்ஸ்வில் பக்கத்தில் பாஞ்சோத்தான் என்ற பெயரில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு கூட்டம் நடக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிப்சன் பாஞ்சோக்களை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொண்டுவந்து மேசைகளில் வரிசையாக வைப்பார்கள். பழுதுபார்ப்பவர்களும் சேகரிப்பாளர்களும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். முதல் முறை அங்கே போனபோது ஒருவர் தம் ஆர்.பி.-75 என்ற கிப்சன் பாஞ்சோவை என்னிடம் நீட்டினார். நான் உடனே எனக்குத் தெரிந்தவற்றிலேயே மிக வேகமான உருப்படியைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் இருபது பேர் வாசித்துக்கொண்டிருந்த அந்த இரைச்சலில் எனக்குக் கேட்டதெல்லாம் என் பதற்றம்தான். திருப்பிக் கொடுத்து நன்றி சொன்ன பிறகுதான், அந்த வாத்தியத்தின் ஒரு சுரத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை என்பது உறைத்தது. நீங்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம்.

முதலில் முறைகளைச் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பட்டையின் கொக்கி, மோதிரம், கைக்கடிகாரம், சட்டையின் உலோகப் பொத்தான் இவற்றில் எது ரெசனேட்டர் என்ற பின்மூடியின் பின்புறத்தில் உரசினாலும் தொண்ணூறு ஆண்டுப் பூச்சில் கோடு விழும்; எனவே போகும்போதே அதற்கேற்ற உடையில் போங்கள். சுருதி கலைந்திருந்தால் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திருப்புங்கள். குதிரையைத் தொடவே தொடாதீர்கள். வயலினின் குதிரையைப் போலவே பாஞ்சோவின் குதிரையும் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. ஒரு நூலளவு நகர்ந்தாலும் மேல் மெட்டுகளில் சுருதி பிசகும். இரண்டாம் மெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுச் சுருதியை ஏற்றி ஏ கட்டையில் வாசிக்கும் எண்ணமிருந்தால், ஐந்தாம் தந்தியை மாட்டுவதற்கு ஏழாம் மெட்டில் ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற அந்தக் குட்டி ஆணிகளைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். சிலர் அதைக்கூடத் தங்கள் தண்டியில் அடிக்க விடுவதில்லை; அப்படியானால் ஜி கட்டையிலேயே இருந்துவிடுங்கள்.

இனி வாசிப்பு. முதல் இரண்டு நிமிடம் இசையே வேண்டாம். தந்தி தந்தியாக, ஒவ்வொரு சுரத்தையும் மீட்டி, அது முழுதும் அடங்கும்வரை காத்திருங்கள். வீணையின் கார்வையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நல்ல பழைய தட்டை வகை மாஸ்டர்டோனில் ஒலி உடனே எழும்பி, ஒரு கணம் பருத்து, பிறகு அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு விலகிவிடும். அந்த விலகல்தான் இதன் உயிர். எட்டு சுரங்கள் கொண்ட ஒரு ரோலை, அதாவது திரும்பத் திரும்ப வரும் விரல் வரிசையை, வேகமாக வாசிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பாமல், கோத்த மணிகளைப் போலத் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து மூன்றாம் தந்தியில் ஏழாம் மெட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை மெதுவாக ஏறுங்கள். பெரும்பாலான பாஞ்சோக்கள் அந்த இடத்தில்தான் மொண்ணையாகிவிடும். உங்கள் வாத்தியத்தில் எந்த மெட்டில் ஒலி செத்துப்போகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதே மெட்டை இதில் தேடிப் பாருங்கள். நான்காம் தந்தியின் கீழ் மெட்டுகளில் உறுமல் வேண்டும், ஆனால் அது கொழகொழப்பாக இருக்கக் கூடாது. பிறகு ஒரே ரோலைக் குதிரைக்கு ஒட்டிய இடத்தில் ஒரு முறையும், கையைத் தண்டிப் பக்கம் நகர்த்தி ஒரு முறையும் வாசியுங்கள். சாதாரண வாத்தியத்தில் முதலாவது கூர்மையாகவும் இரண்டாவது மழுங்கலாகவும் கேட்கும். நல்லதில் இரண்டாவது மழுங்காது, உருண்டையாகும். மூன்று விரல் பாணியைப் பரப்பிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வாசிப்பதைக் காணொளிகளில் கவனித்தால், பாடகருக்குப் பின்னால் வாசிக்கும்போது அவருடைய வலக்கை தண்டிப் பக்கம் போய்விடுவதையும், தம் முறை வரும்போது குதிரைக்குத் திரும்புவதையும் காணலாம். மென்மையாக வாசிக்கவும் மறந்துவிடாதீர்கள். ஓங்கி அடித்தால் எந்த பாஞ்சோவும் சத்தம் போடும்.

கடைசி இரண்டு நிமிடம் தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய ஏதாவது ஓர் உருப்படியை வாசியுங்கள். விரல்களைப் பற்றிய கவலை இருந்தால் காது வேலை செய்யாது.

இப்போது கதவுக்கு வருகிறேன். ரெசனேட்டர் என்ற அந்தப் பின்மூடி ஒலியை முன்பக்கமாகத் தள்ளுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. மடியில் வைத்து மேலிருந்து குனிந்து கேட்பவருக்கு அதன் விளிம்பு ஒலிதான் கிடைக்கும். எதிரே பதினைந்து இருபது அடி தள்ளி நிற்பவருக்கே முழு ஒலி போய்ச் சேரும். எனவே உங்கள் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடத்தைப் பெரியவருக்கே திருப்பிக் கொடுத்து, அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கதவருகே போய் நில்லுங்கள். முடிந்தால் உங்கள் பாஞ்சோவையும் அவரிடமே கொடுத்து, அதே இடத்தில் நின்று கேளுங்கள்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

மேலே எழுதியவர் காதைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கித்தார், மேண்டலின், பாஞ்சோ பழுதுபார்ப்பதை மாலை நேர வேலையாக வைத்திருக்கிறேன். பழைய கிப்சன் என்று என்னிடம் வந்தவற்றில், முழுக்க முழுக்கத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்த பாஞ்சோக்கள் ஏன் அரியவை என்பது தெரிந்தால்தான் அந்தப் பெரியவர் சொன்னதன் பொருள் விளங்கும். 1920களில் அமெரிக்காவில் பாஞ்சோ என்றால் நடன இசைக்குழுக்களில் தாளத்துக்கு வாசிக்கும் நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. கிப்சன் நிறுவனம் மாஸ்டர்டோன் வரிசையை 1920களின் நடுவில் தொடங்கியதும் அந்தச் சந்தைக்காகவே. ஐந்து தந்தி என்பது தெற்கத்திய மலைப்பகுதிகளில் சிலர் மட்டும் கேட்டு வாங்கிய பழம்பொருள். டோன் ரிங்கிலும் அப்போது வளைவு வகையே பெரும்பான்மை. தட்டை வகை 1920களின் இறுதியில்தான் வருகிறது. அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, இசைக்குழுக்கள் கித்தாருக்கு மாறின, பாஞ்சோ விற்பனை படுத்துவிட்டது. ஆகவே ஐந்து தந்தியும் தட்டை வகை டோன் ரிங்கும் தொழிற்சாலையிலேயே சேர்ந்து அமைந்தவை மிகக் குறைவாகவே செய்யப்பட்டன. போர்க்காலத்தில் உற்பத்தியும் நின்றது. 1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர், புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, நாஷ்வில் வானொலியில் மூன்று விரல் பாணியை முழங்கியபோது, எல்லோருக்கும் அதே வாத்தியம் வேண்டியிருந்தது. ஆனால் அதைச் செய்வார் இல்லை. இன்று அத்தகைய ஒன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோவது இதனால்தான். டெனராகப் பிறந்து தண்டி மாற்றப்பட்டவை அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். நாதத்தைப் பொறுத்தவரை குடம் ஒன்றே என்பதால் வாசிப்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குடத்துக்குள் என்ன இருக்கிறது? மேப்பிள் மரப் பட்டைகளை வளைத்து மூன்றடுக்காக ஒட்டிய ஒரு மர வளையம். அதன் தலையில் அமர்ந்திருக்கும், ஏறத்தாழ 3 பவுண்டு எடையுள்ள வெண்கல டோன் ரிங். அதன்மேல் 11 அங்குல விட்டமுள்ள தோல். சுற்றிலும் அதை இழுத்துப் பிடிக்கும் 24 கொக்கிகள். அந்தக் கொக்கிகள் மாட்டப்பட்டிருக்கும் ஃபிளேஞ்ச் என்ற உலோகத் தகடு. தட்டை வகையில் தோல் வளையத்தின் வெளிவிளிம்பு வரை பரந்து அதிர்கிறது. வளைவு வகையில் அதிரும் பரப்பு குறுகுவதால் ஒலி கூர்மையாகும். ரால்ஃப் ஸ்டான்லி என்ற புளூகிராஸ் கலைஞரின் ஒலிநாடாக்களில் கேட்கும் அந்த வெட்டும் கூர்மை வளைவு வகையைச் சேர்ந்தது. தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம், அது வேறு சுவை.

பெரியவர் அனுமதித்தால் ரெசனேட்டரின் நான்கு திருகுகளைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். திருகுகளை அவரே கழற்றட்டும். மர வளையத்தின் உட்புறத்தில் தொழிற்சாலையின் ஆணை எண் இருக்கும். ஓர் எண், அதன்பின் ஒரு கோடு, அதன்பின் ஒரு சிறு எண் என்ற வடிவில். ஸ்க்ரக்ஸ் வாசித்த, கிரனாடா என்ற மாஸ்டர்டோன் மாதிரியைச் சேர்ந்த பாஞ்சோவின் எண் 9584-3. அதே எண் ரெசனேட்டரின் உட்புறத்திலும் எழுதப்பட்டிருந்தால் இரண்டும் பிறப்பிலிருந்தே சேர்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். அடுத்து டோன் ரிங்கின் துளைகளை எண்ணுங்கள். போருக்கு முந்தைய தட்டை வகையில் 20 துளைகள் இருக்கும், வளைவு வகையில் 40 துளைகள் இருக்கும் அல்லது துளையே இருக்காது. வளையம் மரத்தோடு சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். வளைவு வகைக் குடத்தைக் கடைசலில் சீவித் தட்டை வகை வளையத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் அந்தச் சீவிய மரம் வெளிறித் தெரியும். அதில் மோசடி ஏதுமில்லை, பலரும் வெளிப்படையாகவே செய்ததுதான். ஆனால் அப்போது டோன் ரிங் தொழிற்சாலையில் போட்டது என்ற பேச்சு நிற்காது. ஃபிளேஞ்சையும் பாருங்கள். 1930களில் அதை ஒரே துண்டாகத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். பல்லாண்டு இழுவையில் அது கொக்கிகளை நோக்கி மேலே வளைந்துவிடும், சில இடங்களில் கீறலும் விழும். அப்படி லேசாக வளைந்திருந்தால் பழையது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மன்றோ குழுவின் 1946, 1947 பதிவுகளில் கேட்கும் பாஞ்சோவில் இருந்தது கன்றுத்தோல். பிளாஸ்டிக் தோல் 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. மிருதங்கக்காரர்களுக்குத் தெரியும், ஈரக் காற்றில் தோல் என்ன பாடு படுத்தும் என்று. அன்றைய பாஞ்சோக்காரர்கள் கூடாரக் கச்சேரிகளில் பட்ட பாடும் அதுவே. ஆகவே இன்று பிளாஸ்டிக் தோல் போட்ட ஒரு 1930கள் பாஞ்சோவைக் கேட்டுவிட்டு அந்தப் பழைய இசைத்தட்டின் ஒலி அப்படியே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் காதில் பாதியை ஆசை நிரப்புகிறது.

---

சந்தேகப்_பிராணி எழுதியது:

பட்டறைக்காரரின் கடைசி வரியை நான் இன்னும் சிறிது தூரம் இழுத்துச் செல்ல விரும்புகிறேன்.

வயலின் உலகில் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு விடுதி அறையை இருட்டாக்கி, 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்வையை மறைத்து, பழைய இத்தாலிய வயலின்களில் ஸ்ட்ராடிவேரியஸ் இரண்டு, குவார்னேரி ஒன்று, புதியவை மூன்று என ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். எது பழையது எது புதியது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பெரும்பாலோர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். பாஞ்சோவுக்கும் வயலினுக்கும் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் பேச்சு நின்றுவிட்ட ஓர் அறையில், ஒரு சுரம்கூட எழுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்க்ரக்ஸின் கிரனாடாவையே எடுத்துக்கொள்வோம். ஸ்னஃபி ஜென்கின்ஸ் என்ற பாஞ்சோ கலைஞர் அதை ஓர் அடகுக்கடையில் நாற்பது டாலருக்கும் குறைவாக வாங்கினார் என்பார்கள். அவரிடமிருந்து டான் ரீனோ என்ற மற்றொரு பாஞ்சோ கலைஞருக்குப் போய், 1940களின் இறுதியில் வாத்தியத்துக்கு வாத்தியம் மாற்றிக்கொண்டபோது ஸ்க்ரக்ஸிடம் வந்தது. அதன்பின் தண்டி மாறியது, தோல் மாறியது, குதிரையும் தந்தியும் எத்தனையோ முறை மாறின. ஆனால் ரேடியோவில் இரண்டு சுரம் கேட்டவுடனே அது யாருடைய கை என்று தெரிந்துவிடும். மறுபக்கம், ரீனோ மாற்றிக்கொண்டு போன பாஞ்சோவும் கிப்சன் மாஸ்டர்டோன்தான். அதில் ஸ்க்ரக்ஸ் ஒலி வரவில்லை, ரீனோவின் ஒலி வந்தது. உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான்கு பேரும் அவரவராகவே கேட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரு யோசனை சொல்கிறேன். பெரியவர் இசைந்தால், மற்ற எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளுங்கள். அவர் தம் பழைய பாஞ்சோவையும் உங்கள் கூட்டத்திலுள்ள வேறு இரண்டையும் ஒரே உருப்படியில் வரிசை சொல்லாமல் வாசிக்கட்டும். யார் எதைச் சொன்னார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதுங்கள். ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் காது மாறிவிடும்.

---

மலையடிவாரம் எழுதியது:

சந்தேகப் பிராணி அவர்களே, சோதனையை நானும் வரவேற்கிறேன். ஆனால் ஒரே கையில் மூன்று வாத்தியம் என்றால், அந்தக் கை தன் வழக்கமான ஒலியை மூன்றிலும் தேடி எடுத்துவிடும். நல்ல கலைஞர் அறியாமலே அதைச் செய்வார். கேட்பவருக்கு வேறுபாடு குறையும். அதற்காக அவர் எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்பது வாசிப்பவருக்குத்தான் தெரியும். ஜே.டி. குரோவ் என்ற பாஞ்சோ கலைஞர் தம்முடைய பழைய 75 வகைப் பாஞ்சோவை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் கூட்டத்தை மயக்குவதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். கேட்டதைக் கொடுக்கும் வாத்தியத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. எனவே ஐந்தாம் தந்தி, எழுதும் தாளில் வாசித்தவருடைய கருத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

---

ஐந்தாம்_தந்தி எழுதியது:

நேற்று இரவு திரும்பி வந்ததும் எழுத நினைத்தேன். கை நடுக்கம் அடங்கட்டும் என்று இன்று எழுதுகிறேன்.

பத்து நிமிடம் என்றது இருபதாகிவிட்டது, ஏனென்றால் நான் வேகமாக எதையும் வாசிக்காமல் ஒவ்வொரு தந்தியாக மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி வாசித்துப் பார்க்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். என் மொழிக்காரர்கள் சிலர் என்றேன்.

மடியில் வைத்துக் கேட்டபோது எனக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. ஒலி எதிர்பார்த்ததைவிட வறண்டிருந்தது. என்னுடைய புதிய பாஞ்சோவின் இனிமைகூட அதில் இல்லை. மூன்றாம் தந்தியில் ஒன்பதாம் மெட்டுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வாத்தியத்தில் அந்த இடம் கட்டைக்குரலாக, மூக்கடைத்தது போல இருக்கும். இதில் அது கீழ் மெட்டுகளுக்கு இருந்த அதே உடம்போடு வந்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை எங்கேயும் படி இறங்கவில்லை. கையைத் தண்டிப் பக்கம் நகர்த்தி மெதுவாக வாசித்தபோது, மென்மையாகத் தொட்டும் ஒலி அறைக்குள் போவது தெரிந்தது. நான் இத்தனை நாள் எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்து வாசித்து வந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

பிறகு சுவரைப் பார்த்து நிற்கும் சோதனை. பெரியவருடைய பாஞ்சோ, என்னுடையது, இன்னொருவரின் 1970களைச் சேர்ந்த கிப்சன் ஆர்.பி.-250 ஆகிய மூன்றையும் பெரியவரே வாசித்தார். முதல் சுற்றில் எல்லோருக்கும் தெரிந்த வேகமான உருப்படி. ஆறு பேரில் மூவர் சரியாக எழுதினோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்த மூவரில் நான் இல்லை. 1970களின் பாஞ்சோவைத்தான் பழையது என்று எழுதியிருந்தேன். இரண்டாம் சுற்றில் மலையடிவாரம் ஐயா சொன்னபடி, மெதுவாக, மேல் மெட்டுகளில், தனித்தனிச் சுரங்களாக வாசிக்கச் சொன்னோம். அப்போது ஐவர் சரியாகச் சொன்னார்கள், நானும் சொன்னேன். வாசித்தவருடைய கருத்தையும் கேட்டேன். வேகமாக வாசிக்கும்போது மூன்றும் தமக்கு ஏறத்தாழ ஒன்றுதான் என்றும், என்னுடைய பாஞ்சோவில் மேல் மெட்டுகளுக்குப் போகும்போது மட்டும் வலக்கை தானாகவே அழுத்தத் தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னார்.

ரெசனேட்டரைக் கழற்றியும் காட்டினார். ஆணை எண் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தது, இருபது துளைகளையும் எண்ணினேன், மரத்தில் சீவல் தெரியவில்லை. ஃபிளேஞ்ச் ஒரு பக்கம் லேசாக மேலே வளைந்திருந்தது. பழைய டெனர் தண்டியைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறாராம்.

சந்தேகப் பிராணி அவர்கள் மகிழ்வதற்கும் ஒரு செய்தி உண்டு. சென்ற ஆண்டு இந்த பாஞ்சோ செத்துப்போய்விட்டது என்று எண்ணி விற்றுவிடலாமா என்றுகூட அவர் யோசித்தாராம். மூன்று மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவர், எபனி முகடு வைத்த புதிய மேப்பிள் குதிரை ஒன்றைச் செய்துகொடுத்து, தோலையும் ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்த பிறகுதான் அது மீண்டும் பேச ஆரம்பித்திருக்கிறது. நான் கதவருகே நின்று மெய்சிலிர்த்துக் கேட்டதில் தொண்ணூறு ஆண்டு வெண்கலம் எவ்வளவு, மூன்று மாதக் குதிரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் பாஞ்சோவின் தோலைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் வரும் சுரம் எஃப் ஷார்ப்புக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. சாவியை எடுத்து, எதிரெதிர்க் கொக்கிகளாகச் சிறிது சிறிதாக இறுக்கி, ஜி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்பதாம் மெட்டு இன்னும் மூக்கடைத்தே இருக்கிறது, ஆனால் முன்பளவுக்கு இல்லை. ஜி ஷார்ப் வரைக்கும் போகலாமா?

---

பட்டறைக்காரன் எழுதியது:

போகலாம், ஆனால் இன்று வேண்டாம். புதிதாக இறுக்கிய பிளாஸ்டிக் தோல் இழுவைக்கு அடங்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதற்குள் தந்திகளின் உயரமும் லேசாக மாறியிருக்கும். அதுவரை வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கொக்கிக்கு அருகிலும் தோலைத் தட்டி, ஒரே சுரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்திருக்கும் இடத்தை மட்டும் கால் சுற்று ஏற்றுங்கள். குதிரை இருக்கும் இடத்தை முதலிலேயே மெல்லிய பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.